குறிப்பை எப்போது எழுதுவது? கிளினிக்கல் போஸ்டிங் நாளின் நேரக் கணக்கு

கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், இருக்கும் பிசியோதெரபி மாணவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை, "படிக்கவே நேரம் கிடைப்பதில்லை." அந்த நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்துப் பார்த்தால் ஒழுகல் வேறு இடத்தில் தெரியும். சிகிச்சைக்கான நேரம் ஏறக்குறையச் சரியாகவே போயிருக்கும். மாலை நான்கு மணிக்கு ஆறு நோயாளிகளின் குறிப்பு அப்படியே பாக்கி நிற்கும். அதை எழுதி, திருத்தி, கையெழுத்து வாங்கிக் கிளம்பும்போது புத்தகத்தைத் திறக்கும் தெம்பு போய்விட்டிருக்கும். அதனால் காலையில் படிப்பதா, இரவில் படிப்பதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கேஸ் குறிப்பை எப்போது எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற நேரமெல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

வழி மூன்று: மாலையில் மொத்தமாக எழுதுவது, நோயாளியின் பக்கத்திலேயே எழுதுவது, ஒவ்வொருவரும் முடிந்த கையோடு எழுதுவது.

மாலைக் குவியல்

பலரும் இதில் போய் விழுவதற்குச் சோம்பல் காரணமில்லை. காலையில் கேஸ் ஷீட் ரவுண்ட்ஸோடு சுற்றிக்கொண்டிருக்கும். கணினியில் எழுதும் இடமென்றால், வார்டில் இருக்கும் இரண்டு கணினியிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். அவர் பின்னாலேயே ஓடவேண்டியிருக்கும். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்பது அந்த நேரத்தில் நியாயமாகத்தான் படும்.

இதன் விலை மாலையில் தெரியும். ஒரே வார்டில் முழங்கால் மாற்று அறுவை முடிந்தவர்கள் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வலது கால், இரண்டாம் நாள், மடக்கம் 75 டிகிரி. இன்னொருவருக்கு இடது கால், மூன்றாம் நாள், 85 டிகிரி. இருவரும் வாக்கரில் நடந்தார்கள், இருவரும் படுக்கையில் அதே பயிற்சிகளைச் செய்தார்கள். காலை பத்தேகாலுக்கு அளந்ததை மாலை நாலரைக்கு எழுதும்போது 75 யாருடையது, 85 யாருடையது? மாற்றி எழுதிவிட்டால், மறுநாள் வருபவர் 85 என்று படித்து 75 அளப்பார். முட்டி இறுகிவிட்டதோ என்று பதறி மடக்கத்தை அழுத்தி வாங்கப் பார்ப்பார், அல்லது அறுவை செய்த டாக்டருக்குத் தகவல் போகும். இல்லாத ஒரு பிரச்சினைக்காக இத்தனையும்.

குவியலில் எழுதிய குறிப்பைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: "நோயாளி நன்றாக ஒத்துழைத்தார். பயிற்சிகளைச் செய்தார். நடந்தார்." எத்தனை தடவை, எவ்வளவு தூரம், எவ்வளவு துணையோடு என்ற எதுவும் அதில் இருக்காது. சூப்பர்வைசர் திருப்பிக் கொடுப்பார். நீங்கள் நினைவைத் தோண்டி இரண்டாம் தடவை எழுதுவீர்கள். அவர் அதற்குள் கிளம்பிவிட்டால் கையெழுத்து மறுநாளைக்குப் போகும், மறுநாளின் முதல் இருபது நிமிடம் நேற்றைய கடனுக்குக் கழியும். அன்றைக்கான பட்டியல் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிடும். மாலைக் குவியலால் ஒரு நிமிடம்கூட மிச்சமாவதில்லை. வேலை தள்ளிப் போகிறது, போகும் வழியில் கொஞ்சம் பெருத்தும் போகிறது.

பக்கத்திலேயே எழுதுவது

மூன்றில் வேகமானது இதுதான். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் பார்த்த எண் நேரே தாளுக்குப் போகிறது. சில பரிசோதனைகளுக்கு இதைத் தவிர வேறு வழியும் கிடையாது. உடல் சமநிலையை அளக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலில் 14 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. ஒவ்வொரு அம்சத்துக்கும் உடனே மதிப்பெண் போடாவிட்டால் எட்டாவது வருவதற்குள் மூன்றாவது மறந்திருக்கும். ஆறு நிமிட நடைச் சோதனையில் எத்தனை சுற்று என்பதற்கு அங்கேயே கோடு போட்டாக வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. முதல் காரணம் பாதுகாப்பு. நோயாளி நின்றுகொண்டிருக்கும்போது உங்கள் கண் தாளுக்குப் போகக்கூடாது. படுக்கையிலிருந்து முதல் தடவையாக எழுப்பும் ஒருவருக்கு, நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ இறங்கலாம். அதற்கு முன்னறிவிப்பு முகம் வெளுப்பதும் பதில் தாமதிப்பதும்தான். குனிந்து எழுதுபவருக்கு இரண்டும் தெரியாது. எழுத வேண்டுமென்றால் அவரை உட்கார வைத்த பிறகு எழுதுங்கள்.

இரண்டாவது, தொற்றுத் தடுப்பு. கையுறை போட்ட கையால் பேனாவைத் தொட்டு, அதே பேனாவைப் பையில் செருகினால் கையுறை போட்டதற்கு அர்த்தமே இல்லை. தனி அறை நோயாளியிடம் தாளே கொண்டு போகாமல், வெளியே வந்து கை கழுவியபின் எழுதுவது நல்லது.

மூன்றாவது காரணம் நுட்பமானது. வலி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்; "அதெல்லாம் இல்லை" என்கிறார். சொல்லும்போதே முகம் சுளிக்கிறது, கை இடுப்பைப் பிடிக்கிறது. நீங்கள் "வலி இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தால் அந்தச் சுளிப்பு தப்பிவிடும். அசெஸ்மென்ட்டில், அதாவது நோயாளியை மதிப்பிடுவதில், பாதி அதில்தான் இருக்கிறது.

முடிந்த கையோடு எழுதுவது

பெரும்பாலோருக்குப் பொருந்துவது இது. நினைவு சூடாக இருக்கும், சூப்பர்வைசரும் அதே தளத்தில் இருப்பார். இருந்தும் இது தோற்றுப்போவதற்குக் காரணம் ஒரு கணக்குப் பிழை. ஒரு நோயாளிக்கு 40 நிமிடம் என்றால், மாணவர்கள் 40 நிமிடமும் சிகிச்சை என்று திட்டம் போடுகிறார்கள். எழுதும் நேரம் அந்த 40-க்கு உள்ளேயே இருக்க வேண்டும்: சிகிச்சை 30, குறிப்பு 8, கை கழுவி அடுத்த கட்டிலுக்குப் போக 2. சிகிச்சையைப் பத்து நிமிடம் குறைப்பது மனசாட்சியை உறுத்தும். அறுவை முடிந்த இரண்டாம் நாள் நோயாளிக்கு முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு எப்படியும் களைப்புத்தான் மிஞ்சும்.

எழுதலாமென்று போனால் கேஸ் ஷீட் கையில் இல்லை என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. அதற்காகத்தான் நாங்கள் மூன்று வழிகளையும் கலந்து பரிந்துரைக்கிறோம்: எண்கள் பக்கத்திலேயே, வாக்கியம் முடிந்த கையோடு, மாலையில் சரிபார்ப்பு மட்டும்.

தேவைப்படுவது ஒரே ஒரு ஏ4 தாள். மூன்று தடவை பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம். ஒரு கட்டம் ஒரு நோயாளிக்கு. பெயர் எழுத வேண்டாம். கட்டில் எண், வயது, எந்தப் பக்கம், எத்தனையாவது நாள் என்பது போதும். பக்கத்தைக் காலையிலேயே வட்டமிட்டு வைத்துவிடுங்கள். வலது இடது குழப்பம் வருவது களைத்த நேரத்தில்தான். நிரப்பிய கட்டம் இப்படி இருக்கும்:

"க. 12 / 64 / வலது / 2-ஆம் நாள். முன்: 130/80, நாடி 84, ஆக்சிஜன் 97. வலி 4. முட்டி 5–75. எழ ஒருவர் லேசான துணை. வாக்கர் 20 மீ, நடுவில் ஒரு தடவை நின்றார். பின்: 138/84, 98, 96. வலி 5. நாளை: 30 மீ, நாற்காலியில் அரைமணி."

நோயாளி உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஒரு நிமிடத்தில் இதை முடித்துவிடலாம். கேஸ் ஷீட் கிடைத்ததும் நான்கு பகுதியாக விரிக்க வேண்டியதுதான்: நோயாளி சொன்னது, நாம் அளந்தது, நம் கணிப்பு, அடுத்த திட்டம். பிரச்சினையை மையமாக வைத்துக் குறிப்பெழுதும் முறையை 1960-களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்தபோது வந்த வடிவம். இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. முதல் இரண்டும் தாளைப் பார்த்தே வந்துவிடும். பேனா நின்றுபோகும் இடம் மூன்றாவது. எட்டு நிமிடம் பதினைந்தாக நீள்வது கணிப்பை எழுதத் தெரியாமல் விழிப்பதால்தான். அங்கே இரண்டே கேள்வி: நேற்றைவிட எது மாறியது? அடுத்த படிக்குத் தடையாக நிற்பது எது? "மடக்கம் நேற்றைவிட 10 டிகிரி கூடியிருக்கிறது. நடையைத் தடுப்பது வலியைவிடக் குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்தசை) பலவீனம்; காலை நேராகத் தூக்கும்போது முட்டி 10 டிகிரி தொய்கிறது." இவ்வளவு எழுதினால் திட்டம் தானாக வந்து உட்காரும்.

தாளை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கிளம்புமுன் துண்டாக்கும் இயந்திரத்திலோ ரகசியக் காகிதத் தொட்டியிலோ போடுங்கள். கேஸ் ஷீட்டை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். அது போஸ்டிங்கையே முடித்துவைக்கும் தவறு. இதிலிருந்து இன்னொரு முடிவும் பிறக்கிறது: பார்த்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கை வாரக் கடைசிக்குத் தள்ளமுடியாது. தாள் போன பிறகு எதைப் பார்த்து நிரப்புவீர்கள்? கிழிக்குமுன் ஐந்து நிமிடம், பெயரோ கட்டில் எண்ணோ இல்லாமல் நிலைமையும் சிகிச்சையும் மட்டும், அன்றன்றைக்கே.

யாரை முதலில் பார்ப்பது

இங்கேயும் மூன்று வழி. வார்டு வரிசையில் கட்டில் கட்டிலாகப் போகலாம். அவசரத்தைப் பார்த்துப் போகலாம். நோயாளி எப்போது கிடைப்பார் என்று பார்த்து நேரம் குறிக்கலாம். கட்டில் வரிசையில் நடை மிச்சம். ஆனால் போய் நிற்கும்போது ஒருவர் ஸ்கேனுக்குப் போயிருப்பார், அடுத்தவருக்கு டிரெஸ்ஸிங் நடக்கும், மூன்றாமவர் வாயில் இட்லி இருக்கிறதோ ரொட்டி இருக்கிறதோ, சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவசர வரிசை தாளில் அழகாக இருக்கும், வார்டில் அதற்கும் இதே கதிதான்.

அதனால் அசையாத நேரங்களை முதலில் நட்டுவிடுங்கள். காலையில் நர்ஸிங் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும் நர்ஸ்கள் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைப்பது) முடிந்ததும் ஐந்து நிமிடம் நின்று நான்கு விஷயம் கேட்டால் போதும்: யாருக்கு ஸ்கேன், யாருக்கு டயாலிசிஸ், யார் இன்று டிஸ்சார்ஜ், வலி மருந்து யாருக்கு எத்தனை மணிக்கு. இந்த ஐந்து நிமிடம் பிற்பாடு வீணான நடைகளைத் தவிர்த்துவிடும்.

வாய்வழி வலி மருந்து கொடுத்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் போனால் முட்டி மடங்கும்; மருந்துக்கு முன்பே போனால் நீங்களும் அவரும் சேர்ந்து அவதிப்படுவீர்கள். தலையைத் தாழ்த்திச் சளி வடிக்க வைக்கும் நிலைகளைச் சாப்பிட்ட சூட்டில் செய்யக்கூடாது, ஒன்றரை இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். ஆகவே நெஞ்சு பிசியோ சாப்பாட்டுக்கு முன்புதான். மூச்சுக்குழாயை விரிக்கும் நெபுலைசர் மருந்து உண்டென்றால் அது முடிந்து கால்மணி கழித்துப் போங்கள், சளி இளகி வரும். டயாலிசிஸ் நாளில் அந்த நோயாளி முன்பகலில் கிடைத்தால் உண்டு. முடிந்து வந்தபின் களைத்திருப்பார், அழுத்தமும் இறங்கியிருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகிறவரை முதலில் பாருங்கள். படிக்கட்டு ஏறிப் பார்க்க வேண்டும், வாக்கர் உயரம் சரிபார்க்க வேண்டும், வீட்டுப் பயிற்சியை அவருக்கும் கூட இருப்பவருக்கும் செய்து காட்டி, அவர்களைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். மதியத்துக்குத் தள்ளினால் அவர் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருப்பார். தொற்றுத் தனியறை நோயாளியைக் கடைசியில் வைப்பது வழக்கம், அவர் நிலை அவசரமாக இல்லாதவரை. புதிய அசெஸ்மென்ட்டுக்கு 45 முதல் 60 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டு புதியவர்கள் வந்தால் மற்றவர்களில் யாரைக் குறைப்பது என்று சூப்பர்வைசரிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று மணிக்குக் கேட்டால் அது சாக்குப்போலத் தெரியும்.

பக்கவாத நோயாளிக்கு மட்டும் கணக்கு வேறு. 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு 2104 பேரைப் பின்தொடர்ந்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைவு. அதே தரவை மேலும் அலசியபோது, நீளமான அமர்வைவிடக் குறுகிய அமர்வுகள் பல தடவை என்பது மேலான பலனோடு சேர்ந்து வந்தது. ஆகவே புதிய பக்கவாத நோயாளிக்கு ஒரே மூச்சில் 40 நிமிடம் ஒதுக்குவதைவிட, மற்ற நோயாளிகளுக்கு நடுவே பத்துப் பத்து நிமிடமாகச் செருகுங்கள். உங்கள் அட்டவணைக்கும் அது எளிது.

பரிசோதனைகளும் நேரத்தை விழுங்கும். ஆறு நிமிட நடை என்ற பெயரைப் பார்த்து ஆறு நிமிடம் ஒதுக்குபவர்கள் உண்டு. தொடங்குமுன் நாற்காலியில் பத்து நிமிட ஓய்வு, 30 மீட்டர் தடையில்லாத நடைபாதை, கூம்பு வைக்க, விளக்கம் சொல்ல, முடிந்தபின் நாடி இறங்கும்வரை இருக்க. முதல் தடவை என்றால் அரைமணி ஓய்வு விட்டு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரக் காரியம். நேரம் இல்லாத நாளில், கேள்வி 'விழுவாரா' என்பதாக இருந்தால் மூன்று மீட்டர் எழுந்து நடந்து திரும்பும் சோதனையை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கேள்வி மூச்சுத் திறன் பற்றியதென்றால் குறுக்குவழி தேடாமல் நடைச் சோதனையை வேறு நாளுக்குக் குறித்துவிடுவதே மேல்.

கேள்விகளை எப்போது கேட்பது

நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் அந்த நிமிடமே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, அறுவைப் புண்ணிலிருந்து வடியவைக்கும் டிரெயின் குழாயில் திடீரென்று சிவப்பு கூடியிருக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மற்றவற்றைத் தாளின் பின்பக்கம் குறித்து வைத்து, மதிய உணவுக்கு முன்போ நாள் முடிவிலோ பத்து நிமிடத்தில் சேர்த்துக் கேட்கலாம். அவ்வப்போது கேட்பவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடைக்கும். சேர்த்துக் கேட்பவருக்குக் காரணத்தோடு கிடைக்கும். தவிர, பாதிக் கேள்விக்கு மாலைக்குள் நீங்களே விடை கண்டிருப்பீர்கள்.

படிப்பு: இரவா, காலையா, வாரக் கடைசியா

மாலைக் குவியல் ஒழிந்துவிட்டால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்த மாதிரி. இரவில் ஒரு அத்தியாயத்தை முழுதாகப் படிக்க உட்கார்வது போஸ்டிங் காலத்துக்கு ஒத்துவராது. மூன்றாவது பக்கத்தில் கண் சொருகும், கை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து படிப்பது விடுதி பக்கத்திலிருப்பவர்களுக்குச் சரி. ஒன்றரை மணி நேரம் பயணம் செய்கிறவர் அதற்காகத் தூக்கத்தைக் குறைத்தால், பகலில் கனமான நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அந்தக் களைப்பு அவர் முதுகிலும் நோயாளியின் உயிரிலும் விளையாடும்.

வேலை நாட்களில் மாலை இருபது நிமிடம் போதும். நாளைய நோயாளிகளில் புரியாத ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள்: இவருக்கு என்ன செய்யக்கூடாது, எதை அளப்பேன், எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவேன். முதலில் புத்தகத்தை மூடிவைத்துத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு திறந்து சரிபாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வார்டில் உங்களுக்கு வேண்டியது ஒரு வாரம் நிற்கும் நினைவு.

கேஸ் பிரசன்டேஷன் மாதிரிப் பெரிய வேலைகளுக்கு வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஒரே துண்டாக ஒதுக்குவதே சரி. இருபது இருபது நிமிடமாக வெட்டினால் ஒவ்வொரு தடவையும் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி போகும். மற்றொரு நாளை முழுக்க விட்டுவிடுங்கள்.

இடம் மாறினால்

மேலே சொன்ன கலவை வார்டுக்கானது. ஓபியில் நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் நீண்டால் கடைசி ஆள் ஒரு மணி நேரம் காத்திருப்பார். அங்கே குறிப்புக்குத் தோதான இடைவெளி சூட்டு ஒத்தடமோ மின் சிகிச்சையோ ஓடும் 15, 20 நிமிடம். நோயாளி கண்ணில் படும் தூரத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். ஐந்தாவது நிமிடம் எழுந்துபோய் ஒத்தடத்தைத் தூக்கித் தோலைப் பார்த்துவிட்டு வாருங்கள். திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ஐசியூவில் எண்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் முன், நடுவில், பின் என்று மூன்று தடவை, மணியோடு குறிக்க வேண்டும். எட்டுக் கட்டத் தாள் அங்கே பற்றாது, ஒருவருக்கு அரைத் தாள் வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுக்கும் போஸ்டிங்கில் இருப்பவர் வண்டியை எடுக்கும் முன்பே, தெருவில் நின்றாவது எழுதி முடித்துவிடட்டும். அடுத்த வீட்டுக் கதவு திறந்ததும் முந்தைய வீட்டின் எண்கள் நினைவில் நிற்காது.